தண்ணீரில் கண்டம் என்று ஒதுக்கிவிட்டால்

ஜாதகத்தில் 'தண்ணீரில் கண்டம்' என்று ஒரு வரி இருந்துவிட்டால், அந்தப் பிள்ளையை ஆற்றங்கரைப் பக்கமே அழைத்துப்போகாத குடும்பங்கள் நம்மிடம் உண்டு. ஆட்டிசம், ஏடிஹெச்டி, அறிவுத்திறன் குறைபாடு என்று நரம்பியல் வளர்ச்சியில் மாறுபட்ட பிள்ளைகளுக்கோ ஜாதகமே தேவைப்படுவதில்லை. கடற்கரைச் சுற்றுலாவுக்கு 'அவன் வேண்டாம்', நீச்சல் வகுப்புக்கு 'இவளுக்கு ஒத்துவராது', ஆடிப்பெருக்குக்கு 'பாட்டியோடு வீட்டிலேயே இருக்கட்டும்'. எல்லாம் பாசத்தில் சொல்வதுதான். ஆனால் வாசலில் சம்ப் இருக்கிறது. அடுத்த தெருவில் கிணறு, கோயிலுக்கு எதிரே தெப்பக்குளம், ஊர் எல்லையில் தண்ணீர் தேங்கிய கல்குவாரி. கதவு ஒருநாள் திறந்துகிடக்கும். அன்று அந்தப் பிள்ளை தண்ணீரைப் பற்றி எதுவும் கற்காமலேயே, துணையும் இல்லாமல், அதன் முன்னால் போய் நிற்கும்.

இது வீண் பயமுறுத்தல் இல்லை. அமெரிக்க இறப்புப் பதிவுகளை ஆராய்ந்த கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ள, 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட 160 மடங்கு என்றது அது. அந்த எண்ணை அப்படியே தமிழ்நாட்டுக்குப் பொருத்த முடியாது. காரணங்கள் மட்டும் இங்கும் அவைதான். அந்தக் காரணங்களை மறைத்து நிற்கும் நம்பிக்கைகள் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: தண்ணீரென்றால் அவனுக்கு உயிர். பயமே கிடையாது, அவனுக்கு ஒன்றும் ஆகாது.

பயம் இல்லாததுதான் ஆபத்து. ஆட்டிசம் உள்ள பலரைத் தண்ணீர் ஈர்ப்பது உண்மை. நீரில் வெளிச்சம் நெளிவது, உடம்பைச் சுற்றி ஒரே சீராக அழுத்துவது, தலையை முக்கியதும் வெளிச்சத்தம் அடங்கிப்போவது, இவையெல்லாம் ஓசையும் கூச்சலும் உறுத்தும் உடம்புக்குப் பெரிய ஆறுதல். அந்த ஆறுதலைத் தேடிப் போகிறவனுக்கு ஆழம் எவ்வளவு, படியில் பாசி வழுக்குமா என்ற எண்ணம் எழாமலே போகலாம். சொல்லாமல் கிளம்பிவிடும் பழக்கமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. 2012-ல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்த ஆய்வில், 4 வயதைக் கடந்த ஆட்டிசப் பிள்ளைகளில் 49 சதவீதத்தினர் ஒருமுறையாவது பாதுகாப்பான இடத்தைவிட்டுத் தனியே வெளியேற முயன்றிருந்தார்கள். காணாமல் போனவர்களில் 24 சதவீதத்தினர் மூழ்கும் ஆபத்து வரை போயிருந்தார்கள்.

இதை வளர்ப்பின் குறை என்று உறவினர்கள் பேசுவதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. இரவில் கதவுக்குக் குறுக்கே பாய் விரித்துப் படுக்கும் அம்மாக்களைப் பற்றித்தான் அப்படிப் பேசுகிறார்கள். அந்த அம்மாவுக்குத் தேவை எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், கதவு திறந்தால் ஒலிக்கும் மணி, சம்ப் மூடிக்கு ஒரு பூட்டு. முடிந்தால், ஓர் இரவாவது அவருக்குப் பதிலாக முழித்திருக்க ஓர் ஆள்.

நம்பிக்கை: கல்யாண வீட்டில் இத்தனை பேர் இருக்கிறோம், யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

தோட்டத்து வீட்டில் காதுகுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக் செட் அலறுகிறது, பந்தி நடக்கிறது, பத்து எட்டில் கிணறு. அம்மா மாமாவிடம் இருக்கிறான் என்று நினைக்கிறார். மாமா சித்தியிடம் என்று நினைக்கிறார். சித்தியோ பாயசம் பரிமாறிக்கொண்டிருக்கிறார். சத்தம் தாங்காமல் பிள்ளை அமைதியான இடத்தைத் தேடி நடக்கிறது. அங்கே அமைதியான இடம் கிணற்றடிதான்.

கூட்டத்தில் காவல் என்றால் ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். அரைமணி நேரம் மாமா, அடுத்த அரைமணி அக்கா. மாற்றும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "இப்ப நீ பாத்துக்கிறியா?" "சரி, நான் பாத்துக்கிறேன்." அந்தச் 'சரி' காதில் விழும்வரை முதல் ஆள் நகரக் கூடாது. பிள்ளை தண்ணீருக்குள் இருந்தால் காவல் இருப்பவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், போன் பைக்குள் போக வேண்டும்.

மூழ்குகிறவர் கத்துவார், கையை வீசுவார் என்ற நம்பிக்கையும் இங்கேதான் உயிரைக் குடிக்கிறது. மூச்சுக்கே வழியில்லாத வாயிலிருந்து கூப்பாடு வராது. பெரும்பாலும் சத்தமின்றி, ஒரு நிமிடத்துக்குள்ளேயே எல்லாம் நடந்துவிடும். பேச்சே வராத பிள்ளையிடம் கூப்பாட்டை எதிர்பார்த்துக் காத்திருப்பதில் அர்த்தமே இல்லை.

நம்பிக்கை: இவர்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க முடியாது.

2022 மார்ச் 20 அன்று தலைமன்னாரில் கடலில் இறங்கிய ஒரு 13 வயதுப் பெண் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் கரையேறினாள். பாக் நீரிணையில் சுமார் 29 கிலோமீட்டர், 13 மணி 10 நிமிடம். ஆட்டிசம் உள்ள, மும்பையில் வளர்ந்த ஜியா ராய் அவள். 2024-ல் ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தாள். எல்லாரும் கடலைக் கடக்கப் போவதில்லை, கடக்கவும் வேண்டாம். 'முடியாது' என்ற சொல்லை யோசித்துச் சொல்வதற்கு அவள் பெயர் நினைவிலிருந்தால் போதும்.

கற்றுக்கொடுக்கும் முறைதான் மாற வேண்டும். சென்னையில் ஒரு நீச்சல் குளத்தில் ஒரு பயிற்சியாளர் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விசிலைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டார். படியோரம் நான்கு படங்கள் ஒட்டிய அட்டை: ஷவர், படியில் உட்காருவது, காலை நனைப்பது, துண்டு. பையன் ரப்பர் தொப்பியைத் தொடவே மறுத்தான், அவர் வற்புறுத்தவில்லை. "தம்பி, பத்து வரைக்கும் எண்ணுவோம். பத்து சொன்னதும் வெளிய வந்துடலாம்" என்றார். சொன்னபடி பத்தில் வெளியே அழைத்தும் வந்துவிட்டார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுக்கவில்லை. சற்று நேரத்தில் பையன் தானாகப் படியிறங்கி, அவர் முகத்தைப் பார்த்து "ஒண்ணு" என்றான்.

நம் ஊர்க் கிணறுகளில் இடுப்பில் கயிறு கட்டித் தள்ளிவிட்டு நீச்சல் பழக்குவதுண்டு. அதில் தேறியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இந்தப் பிள்ளைகளை அப்படித் தள்ளிவிடாதீர்கள். தண்ணீரோடு சேர்த்துத் தள்ளியவரையும் அவர்கள் நம்பாமல் போவார்கள். முதலில் மல்லாந்து மிதப்பது, திரும்பி ஓரத்தைப் பிடிப்பது, மேலே ஏறுவது. கை வீச்சும் கால் உதையும் பிறகு வரட்டும். கொஞ்சம் தேறியதும் அன்றாட உடையோடு ஒருமுறை இறக்கிப் பழக்குங்கள். தவறி விழும் பிள்ளை நீச்சல் உடையில் விழப்போவதில்லை.

நீச்சல் வந்துவிட்டால் காவலை எடுத்துவிடலாம் என்பது இதன் மறுபக்கத் தவறு. ஓரிடத்தில் கற்றதை வேறிடத்தில் பொருத்திக்கொள்வது இவர்களில் பலருக்குக் கடினம். நீலத் தரையும் படிக்கட்டும் உள்ள குளத்தில் மிதக்கிறவனுக்கு, படியில்லாத கிணறு முற்றிலும் வேறொரு பொருள். 'ஆழத்துக்குப் போகாதே' என்றால் எது ஆழம் என்று தெரியாது. 'இந்தச் சிவப்புக் கயிறு வரைக்கும்' என்றால் தெரியும். 'ஓடாதே' என்பதைவிட 'மெதுவா நட' என்பது எளிதில் பிடிபடும். ஏடிஹெச்டி உள்ள விடலைப் பையனுக்கோ நீச்சல் நன்றாகவே தெரியும். நண்பன் 'குதிடா' என்ற நொடியில் கீழே பாறை இருக்கிறதா என்று பார்க்கும் நிதானம்தான் நழுவும். அதனால் குதிக்குமுன் என்ன பார்க்க வேண்டும் என்பதை அவனுக்குத் தனியாகவே பழக்க வேண்டும்.

ஆட்டிசத்தோடு வலிப்பும் சேர்ந்திருப்பவர்கள் கணிசம். அவர்களுக்கு எவ்வளவு நீச்சல் தெரிந்தாலும், எந்த வயதானாலும், பக்கத்தில் ஆள் இல்லாமல் குளத்துக் குளியல் கூடாது. வீட்டில் தொட்டியைவிட ஷவர் நல்லது. குளியலறைக் கதவை உள்ளே தாழிட வேண்டாம்.

நம்பிக்கை: மற்றப் பிள்ளைகளுக்கு இடைஞ்சல். இவர்களுக்குத் தனியாக வைத்துக்கொள்ளலாமே.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. கல்வி நிறுவனங்கள் இவர்களுக்கு விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பைத் தர வேண்டும் என்று அது சொல்கிறது. எனவே பள்ளிச் சுற்றுலாவில் இவன் வர வேண்டாம் என்று வகுப்பாசிரியர் சொன்னால், அதைத் தலையாட்டி ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்கு மரப்பாதை திறந்தபோது, அலையருகே போனவர்களின் முகங்களைப் பார்த்தோம். ஆட்டிசம் உள்ளவருக்கு வேண்டிய பாதை மரத்தால் ஆனதில்லை. கூட்டம் குறைந்த ஒரு மணி நேரம், ஒலிபெருக்கிக்கு ஓய்வு, வாரந்தோறும் மாறாத ஒரே பயிற்சியாளர், உறுத்தாத முழுக்கை உடைக்கு அனுமதி. குளம் நடத்துகிறவருக்கு இதில் பெரிய செலவு எதுவுமில்லை. அதே நேரத்தில் மற்றப் பிள்ளைகளும் வரட்டும், அமைதி அவர்களுக்கும் கெடுதல் செய்யாது.

நம்பிக்கை: காணவில்லை என்றால் முதலில் பஸ் ஸ்டாண்டில் தேடு.

முதலில் தண்ணீர். வீட்டுச் சம்ப், பக்கத்து வீட்டுத் தொட்டி, கிணறு, குளம் என்று அருகிலிருப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். ஒருவர் தேடும்போதே இன்னொருவர் 112-ஐ அழைக்கட்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வராமல் போகலாம் என்பதையும் போலீஸிடம் சொல்லிவிடுங்கள். மூழ்கியவரை மீட்டால் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம், பொன்னான நேரம்தான் போகும். மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அழுத்தத் தொடங்கி, 108-க்குச் சொல்ல வேண்டும். இதை ஒரு பயிற்சியில் நேரில் கற்றுக்கொள்வது நல்லது.

வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்த்த பிள்ளையைத் தெருவுக்கு அடையாளம் தெரியாது. குளத்தை நோக்கி அவன் தனியே நடந்தால், யார் வீட்டுப் பையனோ என்று பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். அதனால் அவனைக் கையைப் பிடித்து அந்தத் தெரு வழியே அடிக்கடி கூட்டிப்போங்கள். டீக்கடையில் ஒரு பிஸ்கட் வாங்கிக் கொடுங்கள். அயர்ன் வண்டிக்காரருக்கும், கோயில் வாசலில் பூக்கட்டும் அக்காவுக்கும் அவன் பெயர் தெரியட்டும். உங்கள் எண்ணைக் கொடுத்துச் சொல்லிவையுங்கள்: "இவன் தனியா வந்தா கொஞ்சம் நிறுத்தி வச்சுக்கிட்டு எனக்குப் போன் பண்ணுங்கண்ணா. கையைப் பிடிச்சு இழுத்தா பயப்படுவான், பேர் சொல்லிப் பக்கத்துல நின்னாப் போதும்."