மாதச் சந்தா கட்டி விளையாடலாமா?

கேள்வி: எனக்கு வயது 33. ஈரோட்டில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. கல்லூரி ஹாஸ்டலில் நாங்கள் நான்கு பேர் விடிய விடிய கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடியவர்கள். இப்போது ஒருவன் லண்டன், ஒருவன் சிங்கப்பூர், ஒருவன் பெங்களூரு. லண்டன்காரன் இரண்டு வருடமாக ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’ ஆடுகிறான். “நாலு பேரும் சேர்ந்து ஆடலாம், பழையபடி பேசிக்கொண்டிருக்கலாம், வாடா” என்று விடாமல் கூப்பிடுகிறான். விளையாட்டை வாங்க வேண்டும், அதற்குமேல் மாதாமாதம் சந்தாவும் கட்ட வேண்டுமாம். “வாங்கின பொருளுக்கு எதற்கு வாடகை?” என்று மனைவி கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. பப்ஜி எல்லாம் இலவசம்தானே? ஆன்லைன் விளையாட்டுக்குத் தடைச் சட்டம் வந்ததாகவும் சொல்கிறார்கள். இதில் இறங்கலாமா, வேண்டாமா?

பதில்: சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் குறி வைப்பது பணம் வைத்து ஆடி பணம் எதிர்பார்க்கும் ஆட்டங்களை. பொழுதுபோக்குக்காகச் சந்தா கட்டி ஆடுவது அந்தக் கணக்கில் வராது. அந்தக் கவலை வேண்டாம்.

உங்கள் மனைவியின் கேள்வி நியாயமானது. நீங்கள் வாங்குவது ஒரு பொருளே அல்ல. வாங்கியதும் கணினியில் இறங்குவது பாதிதான்; மீதிப் பாதி நிறுவனத்தின் சர்வரில் ஓடுகிறது. அதை இரவு பகலாக ஓட்ட ஆள் வேண்டும், சில மாதங்களுக்கு ஒருமுறை புதுக் கதையும் புது இடங்களும் சேர்க்க ஆள் வேண்டும். சந்தா அதற்குத்தான். சந்தா கேட்டவர்கள் எல்லாரும் தாக்குப்பிடித்ததும் இல்லை. 2011 டிசம்பரில் சந்தாவோடு வந்த ‘ஸ்டார் வார்ஸ்: தி ஓல்டு ரிபப்ளிக்’ ஒரு வருடத்துக்குள் இலவசக் கதவைத் திறந்துவிட்டது. 2014-ல் வந்த ‘வைல்டுஸ்டார்’ மறு வருடமே சந்தாவைக் கைவிட்டது, 2018-ல் மொத்தமாக மூடியது. 2004-ல் வந்த ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’டும் உங்கள் நண்பர் ஆடும் இதுவும்தான் சந்தாவை விடாமல் பிடித்துக்கொண்டு இன்றைக்கும் கூட்டத்தோடு இருப்பவை.

சந்தாவில் ஒரு நேர்மையும் உண்டு. ஃபைனல் ஃபேன்டஸி 14 முதன்முதலில் 2010 செப்டம்பரில் வெளியானபோது படுதோல்வி. ஆடியவர்கள் கொதித்தார்கள். நிறுவனம் ஒரு வருடத்துக்கு மேல் சந்தாவே வாங்கவில்லை. நவோகி யோஷிடா என்பவர் பொறுப்பேற்றார்; 2012 நவம்பரில் பழைய விளையாட்டை மூடி, புதிதாகக் கட்டி, 2013 ஆகஸ்டில் மறுபடி திறந்தார். மாதாமாதம் காசு கேட்பவர் மாதாமாதம் பதிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. பப்ஜி வகை இலவச ஆட்டத்தில் அந்தக் கட்டாயம் வேறு பக்கம் திரும்பிவிடும். அங்கே செலவை ஏற்பது துப்பாக்கிக்கும் சட்டைக்கும் காசைக் கொட்டும் கொஞ்சம் பேர். எனவே ஆட்டம் முழுவதும் உங்களை அந்தக் கடைப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்காகச் சந்தா ஆட்டத்தில் கடையே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கேயும் சவாரி வாகனம், ஆடை அலங்காரம் எல்லாம் தனிக் காசுக்கு விற்கிறார்கள். வாங்காமலேயே நிம்மதியாக ஆடலாம் என்பதுதான் வித்தியாசம்.

காசு எவ்வளவு? குறைந்த சந்தா மாதம் 12.99 டாலர், அடுத்தது 14.99. முதலாவதில் ஒரு சர்வருக்கு ஒரு கதாபாத்திரம்தான். உங்களுக்கு அது போதும். நம் கணக்கில் ஆயிரத்து நூறு ரூபாய்க்கு மேல், வெளிநாட்டுப் பணமாற்றத்துக்கு வங்கி பிடிப்பது தனி. விளையாட்டின் விலையும் தனி. அதோடு முதல் 30 நாள் சேர்ந்தே வரும். 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் தானாகப் பிடிக்கும் கட்டணத்துக்கு உங்கள் முன் ஒப்புதல் வேண்டும், பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவலும் வர வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு உங்கள் கார்டிலிருந்து இது ஒழுங்காகப் போகுமா என்று வங்கியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் பலரும் ஒரு கணக்குப் போடுவார்கள். மாதம் நாற்பது மணி நேரம் ஆடினால் ஒரு மணிக்கு முப்பது ரூபாய்கூட ஆகாது, இடைவேளையில் வாங்கும் பாப்கார்னைவிட மலிவு என்பார்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள். இதில் உள்ள ஓட்டை உங்களுக்கே தெரியும். எவ்வளவு அதிகம் ஆடுகிறீர்களோ அவ்வளவு மலிவு என்று சொல்லும் கணக்கு, உங்களை இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வைக்கத்தான் உதவும். “காசு கட்டியாச்சே” என்று இரவு பதினொன்றரைக்குத் திறப்பவர்கள் இந்தக் கணக்கில் விழுந்தவர்கள்தான். உங்களிடம் தட்டுப்பாடாக இருப்பது ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் இல்லை, குழந்தை தூங்கிய பிறகு கிடைக்கும் ஒன்றரை மணி நேரம்.

நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்திய இடத்துக்கு வருகிறேன். உங்களுக்கு வேண்டியது நண்பர்கள். அதற்கு இந்த ஆட்டம் ஏற்றதா?

ஒரு வகையில் அச்சில் வார்த்தது போலப் பொருந்தும். இதன் சாதாரணக் குகைப் பயணங்கள் நான்கு பேருக்கானவை. அடி தாங்க ஒருவர், காயம் ஆற்ற ஒருவர், தாக்க இருவர். ஏறக்குறைய இருபது நிமிடத்தில் ஒன்று முடியும். லண்டன் நண்பர் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும், கீழ்நிலைக் குகைக்குள் வரும்போது அவருடைய பலத்தை அந்த நிலைக்குக் குறைத்துவிடுவார்கள். எனவே அவர் தனியாக எல்லாவற்றையும் அடித்து நொறுக்க, நீங்கள் பின்னால் நடந்து போகும் அவலம் இருக்காது.

ஆனால் அந்தக் குகை வரை போக வேண்டுமே. முதல் குகையான சஸ்தாஷா 15-ஆம் நிலையில்தான் திறக்கும். அதுவரை ஓடியாடிச் செய்திகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், காட்டில் சின்னப் பூச்சிகளை அடிப்பதும்தான் வேலை. அதற்குப் பிறகும் முதன்மைக் கதையில் பெரும்பகுதி ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடக்க வேண்டியது. உரையாடல் காட்சிகளை நீங்கள் உங்கள் திரையில் பார்ப்பீர்கள், அவர் அவருடையதில் பார்ப்பார். ஒரே மாதத்தில் தொடங்கிய நான்கு பேரில் ஒருவர் முன்னால் போய்விடுவார், இருவர் நடுவழியில் நிற்பார்கள், ஒருவர் நுழைவதையே நிறுத்திவிடுவார். நட்பு இருக்கும், குழு கலைந்துவிடும். 2020 ஆகஸ்டில் தொடக்கக் கதையை வெட்டிச் சுருக்கினார்கள், இன்னும் நீளம்தான். “முதல் ஐம்பது மணி நேரம் சுமார்தான், அப்புறம் அட்டகாசம்” என்று உங்கள் நண்பரும் சொல்வார். அப்புறம் வரும் கதை நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் ஐம்பது மணி நேரம் என்பது இரண்டு மாதம்.

நேரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஈரோட்டில் இரவு ஒன்பது என்றால் சிங்கப்பூரில் பதினொன்றரை, லண்டனில் கோடையில் மாலை நாலரை, குளிர்காலத்தில் மூன்றரை. வார நாளில் அவர் அலுவலகத்தில் இருப்பார். அவர் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, எட்டு மணிக்கு உட்கார்ந்தால் உங்களுக்கு நள்ளிரவு தாண்டிவிடும். நான்கு பேரும் தூக்கம் கெடாமல் சேர முடிவது சனி, ஞாயிறு மாலை ஆறரைக்கு மட்டும்தான். அதுவே குடும்பத்தோடு வெளியே போகும் நேரமும். இதை வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு நண்பருக்குப் பதில் சொல்லுங்கள். இந்த வகை ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது என்பதையும் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். குகைக்குள் இருக்கும்போது குழந்தை அழுதால் எழுந்து போகலாம், ஆனால் மூன்று பேர் காத்திருப்பார்கள். காயம் ஆற்றுபவர் நீங்கள் என்றால் அவர்கள் செத்தும் போவார்கள்.

அடுத்தது தூரம். இந்த விளையாட்டுக்கு ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஓசியானியா என்று நான்கு பகுதிகளில் சர்வர்கள் உண்டு, இந்தியாவில் இல்லை. நண்பர் ஐரோப்பாவில் என்றால் நீங்களும் அங்கேதான் கதாபாத்திரத்தை உருவாக்க வேண்டும். முதல் நாளே அவரிடம் சர்வர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதில் ஒரு தாக்குதலுக்கும் அடுத்ததற்கும் இடையே பொதுவாக இரண்டரை விநாடி இடைவெளி இருப்பதால் தாமதம் ஆட்டத்தைக் கெடுத்துவிடாது. ஆனால் ஒன்று நடக்கும். தரையில் ஆரஞ்சு நிற வட்டம் விழும், நீங்கள் வெளியே ஓடிவந்துவிடுவீர்கள், உங்கள் திரையில் தெளிவாக வெளியேதான் நிற்பீர்கள், அப்படியும் அடி விழும். எதிரியின் மந்திரப் பட்டை நிரம்பிய கணத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதைச் சர்வர் தன் கணக்கில் குறித்துக்கொள்கிறது. உங்கள் ஓட்டம் பற்றிய சேதி அங்கே போய்ச்சேர்வது அதற்குப் பிறகு. பழகிவிட்டால் அரை விநாடி முன்னதாகவே நகரத் தோன்றும். இதற்காக 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறாதீர்கள். வேகம் கூடினாலும் தூரம் குறையாது. வைஃபையை விட்டுக் கேபிளில் இணைப்பது ஓரளவு உதவும்.

சந்தா ஆட்டம் ஆளைக் கட்டிப்போடும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். உச்ச நிலைக்கு வந்த பிறகு, நல்ல ஆயுதங்களுக்கான புள்ளிகளை வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுப்பார்கள். கணக்கு புதிதாகத் தொடங்குவது நம் நேரப்படி செவ்வாய் மதியம் ஒன்றரைக்கு. ஒரு வாரம் விட்டால் பின்தங்கிவிட்ட உணர்வு வரும். ஆட்டத்துக்குள் வீடு வாங்கியவர் 45 நாள் அதற்குள் எட்டிப் பார்க்காவிட்டால் வீட்டை இடித்தே விடுவார்கள். இத்தனைக்கும் யோஷிடாவே பேட்டிகளில், சலித்தால் நிறுத்துங்கள், வேறு ஆடுங்கள், புதுக் கதை வந்ததும் திரும்பி வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தா முடிந்தாலும் கதாபாத்திரம் எங்கும் போகாது. வீடு வாங்கும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள்.

முடிவுக்கு வருகிறேன். இப்போது ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். இந்த விளையாட்டுக்கு இலவசச் சோதனைப் பதிப்பு ஒன்று உண்டு. நாள் கணக்கே கிடையாது. 2023 அக்டோபரில் அதை 70-ஆம் நிலை வரை நீட்டினார்கள். மூல விளையாட்டோடு ‘ஹெவன்ஸ்வர்டு’, ‘ஸ்டார்ம்பிளட்’ என்ற இரண்டு விரிவாக்கங்களும் அதில் அடக்கம். வேலைக்குப் போகிறவருக்குப் பல மாதத்துக்குப் போதும். ஆனால் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஆட்டத்துக்குள் இருக்கும் சந்தையில் வாங்க விற்க முடியாது, கையிருப்பு மூன்று லட்சம் கில்லை (ஆட்டத்தின் நாணயம்) தாண்டாது, சங்கங்களில் சேர முடியாது, நீங்களாகக் குழு அமைக்க முடியாது. சந்தா கட்டும் லண்டன் நண்பர் குழு அமைத்துக் கூப்பிட்டால் சேர்ந்துகொள்ளலாம். உங்களுக்கு வேண்டியது அதுதானே? லேப்டாப் தாங்குமா என்று பார்க்க நிறுவனமே இலவச சோதனை மென்பொருள் தருகிறது. அதை முதலில் ஓட்டிப் பாருங்கள். பெரிய டவுன்லோடு அதற்குப் பிறகு இருக்கட்டும்.

மூன்று மாதம் இப்படி ஆடுங்கள். வார இறுதியில் நால்வரில் மூவராவது தவறாமல் வந்தால், கதையும் உங்களுக்குப் பிடித்துப்போனால், அப்போது சந்தாவுக்குப் போகலாம். வரவில்லை என்றால் குறை ஆட்டத்தில் இல்லை. அப்போது ‘டீப் ராக் கேலக்டிக்’ போல, நால்வர் சேர்ந்து ஆட ஒரே தடவை காசு கட்டி வாங்கும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்கதை எதையும் கடக்காமல் முதல் நாளே நால்வரும் ஒன்றாக இறங்கலாம். உங்கள் கடிதத்தைப் படித்தவரை, உங்களுக்கு அதுவே ஒத்துவரும் என்றுதான் எனக்குப் படுகிறது.

சந்தாவுக்கே போவதானால் மூன்று எச்சரிக்கை. ஒரு மாதத்துக்கு மேல் ஒரேயடியாகக் கட்டாதீர்கள். கட்டிய அன்றே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுங்கள், 30 நாளும் குறையாமல் ஓடும். இரண்டாவது, ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்குவதா, நிறுவனத்தின் சொந்தக் கடையில் வாங்குவதா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். ஒன்றில் வாங்கிய விளையாட்டுக்கு மற்றதில் வாங்கிய விரிவாக்கம் சேராது. மூன்றாவது, காசு கட்டிய கணக்கு மறுபடி இலவசப் பதிப்புக்குத் திரும்ப முடியாது.