துண்டு சேர்ந்தால் தோட்டம்

பெங்களூரில் லால்பாக் என்ற பெரிய பூங்கா இருக்கிறது. அதன் பரப்பு 240 ஏக்கர். 1760-இல் ஹைதர் அலி அதைத் தொடங்கினார். அவர் மகன் திப்பு சுல்தான் வளர்த்தார்.

அந்தப் பூங்காவில் ஓர் அம்மா தோட்ட வேலை செய்கிறார். வயது 54. களை எடுப்பார். சருகு கூட்டுவார். நாற்றுக்குத் தண்ணீர் விடுவார். வீட்டில் அவருக்கு மகளும் பேரனும் இருக்கிறார்கள். பேரன் அவரை ஆயா என்று கூப்பிடுவான். நாமும் ஆயா என்றே சொல்வோம்.

ஆயா போன வருடம்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றார். இப்போது பேப்பரில் தலைப்புகளைப் படிக்கிறார். மளிகைக் கடைச் சீட்டில் கணக்குப் பார்க்கிறார். ஆனால் செல்போன் என்றால் மட்டும் பயம். போன் அடித்தால் எடுத்துப் பேசுவார். அதோடு சரி.

பயத்துக்குக் காரணம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் போனில் வந்த எதையோ தொட்டார். அவர் வங்கிக் கணக்கில் இருந்த 6,000 ரூபாய் போய்விட்டது. அன்றைக்கே மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"அம்மா, நீ போனை நோண்டாதே. பேசு, வை."

மகள் சொன்னதும் நியாயம்தான். பாடுபட்டுச் சேர்த்த காசு அல்லவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரன் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆயா எட்டிப் பார்த்தார்.

"டேய், என்னடா அது? நம்ம தோட்டம் மாதிரி இருக்கு. ஆனா கிழிச்சுப் போட்ட மாதிரி இருக்கே!"

"நம்ம தோட்டமேதான் ஆயா. கண்ணாடி மாளிகை. பூக்காட்சிக்குப் போனப்ப நான் எடுத்த படம். இப்ப அதை 24 துண்டா ஆக்கியிருக்கேன். திரும்பச் சேர்க்கணும். இதுக்குப் பேரு ஜிக்சா."

லால்பாக் கண்ணாடி மாளிகைக்கு 1889-இல் அடிக்கல் நாட்டினார்கள். இரும்பும் கண்ணாடியும் கொண்டு கட்டியது. குடியரசு நாளை ஒட்டியும் சுதந்திர நாளை ஒட்டியும் அங்கே பூக்காட்சி நடக்கும். அந்த நாட்களில் ஆயாவுக்கு நிமிர நேரம் இருக்காது. இத்தனை வருடம் அங்கே வேலை செய்தும், அந்தக் காட்சியை நின்று பார்த்ததில்லை.

ஆயா பேரன் பக்கத்தில் உட்கார்ந்தார். பேரன் விளக்கினான்.

ஜிக்சா துண்டுகளைப் பாருங்கள். ஒரு துண்டில் காது போல ஒரு நீட்டம் இருக்கும். இன்னொரு துண்டில் குழி இருக்கும். காது குழியில் போய் உட்காரும். அப்படி ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும்.

எங்கே தொடங்குவது? முதலில் மூலை. மூலைத் துண்டுக்கு இரண்டு பக்கம் நேராக இருக்கும். எந்தப் படத்திலும் மூலை நான்குதான். அடுத்து ஓரம். ஓரத் துண்டுக்கு ஒரு பக்கம் மட்டும் நேராக இருக்கும். பேரன் வைத்திருந்த படத்தில் ஒரு வரிசைக்கு 6 துண்டு. மொத்தம் 4 வரிசை. மூலை 4. ஓரம் 12. நடுவில் 8. கூட்டிப் பாருங்கள், 24 வருகிறதா?

பேரன் ஓரம் எல்லாம் சேர்த்துவிட்டான். நடுவில் மாட்டிக்கொண்டான். ஒரு சிவப்புத் துண்டை எடுத்து இங்கே வைத்தான், அங்கே வைத்தான். ஒட்டவில்லை.

"அது காகிதப்பூடா. கொடியில இருக்கும். நீ பாத்தியில கொண்டுபோய் வைக்கிறே. பாத்தியில இருக்கிறது சால்வியா. அந்தச் சிவப்பு வேற, இந்தச் சிவப்பு வேற."

பேரன் துண்டைத் தூக்கிக் கொடி இருக்கும் பக்கம் கொண்டுபோனான். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"இன்னொண்ணு பாரு. மரத்து நிழல் எல்லாம் இடது பக்கமா விழுது. அப்ப இந்த நிழல் துண்டு மரத்துக்கு இடது பக்கம்தானே வரணும்?"

அதுவும் ஒட்டியது. வானத்தில் இரண்டு துண்டு மீதி. இரண்டும் நீலம். ஆயா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வானம் மேலே போகப் போக நீலம் கூடும். கீழே வெளுத்திருக்கும். நாள் முழுக்க வெட்டவெளியில் வேலை செய்கிறவருக்கு இது புதிதல்ல. வெளுத்த துண்டைக் கீழே வைக்கச் சொன்னார். படம் முடிந்தது.

கடைசி வரை ஆயா போனைத் தொடவில்லை. சொல்லிக்கொண்டே இருந்தார். பேரன் விரலால் நகர்த்தினான்.

இந்த விளையாட்டு எப்படி வந்தது தெரியுமா? 1760-களில் இலண்டன் நகரில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் இருந்தார். அவர் வரைபடம் அச்சிடுகிறவர். ஒரு வரைபடத்தை மெல்லிய மரப்பலகையில் ஒட்டினார். ஒவ்வொரு நாட்டின் எல்லையை ஒட்டியும் ரம்பத்தால் அறுத்தார். பிள்ளைகள் நாடுகளைச் சேர்த்துச் சேர்த்துப் பூகோளம் படித்தார்கள். இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் பிள்ளைகளும் இப்படித்தான் படித்தார்கள். இங்கே லால்பாக்கில் மரம் நட்ட அதே காலத்தில், அங்கே பலகையை அறுத்துப் பாடம் செய்திருக்கிறார்கள்!

அந்தக் காலத்துத் துண்டுகளில் காதும் குழியும் அதிகம் இல்லை. சும்மா பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். மேசையை இடித்தால் நாடுகள் கலைந்துவிடும். வளைத்து அறுக்கும் மெல்லிய ரம்பம் வந்த பிறகு காது, குழி எல்லாம் வந்தன. அந்த ரம்ப வகையின் பெயர்தான் ஜிக்சா. பிறகு மரத்துக்குப் பதில் அட்டை வந்தது. விலை குறைந்தது. 1930-களில் அமெரிக்காவில் வேலை இல்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்தது. சினிமாவுக்கும் கடைக்கும் போகக் காசு இல்லாத குடும்பங்கள் இந்த அட்டைப் படத்தை வாங்கி, மாலை முழுவதும் சேர்த்தன. கலைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுத்தன. 2020-இல் கொரோனா வந்து எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தபோதும் பல நாடுகளில் இதன் விற்பனை ஏறியது.

செல்போனில் அட்டையும் இல்லை, ரம்பமும் இல்லை. படத்தின் மேல் கோடு போடுவது போனுக்குள் இருக்கும் கணக்கு. எந்தத் துண்டு எந்த இடம் என்பதை அது நினைவில் வைத்திருக்கும். துண்டைச் சரியான இடத்துக்குக் கிட்டே கொண்டுபோனால் இழுத்து ஒட்டிக்கொள்ளும். ஒரே படத்தை 12 துண்டாகவும் வைக்கலாம், 300 துண்டாகவும் வைக்கலாம். துண்டு தொலையாது. இது ஒரு வசதி. ஆனால் கையில் அட்டையைத் தொட்டுத் திருப்பிப் பார்க்கும் சுகம் இதில் கிடையாது.

மறுநாள் மாலை ஆயாவே கேட்டார்.

"இன்னிக்கு என்ன படம்டா?"

அன்றைக்குப் புலி. 48 துண்டு. மஞ்சளும் கறுப்புமாக எல்லாத் துண்டும் ஒன்று போலவே இருந்தன. பேரனுக்கு வீட்டுப்பாடம் இருந்தது. போனை ஆயா கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

ஆயா விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார். ஒரு துண்டைத் தொட்டார். அது நகர்ந்தது. பணம் ஒன்றும் போகவில்லை. இன்னொன்றைத் தொட்டார்.

புலியின் வரிகளை உற்றுப் பார்த்தார். ஒரு வரி தடித்துத் தொடங்கி மெலிந்து முடிந்தது. மெலிந்த முனை அடுத்த துண்டில் தொடர்ந்தது. வரியைப் பிடித்துக்கொண்டே போனார். முதுகு வந்தது. வயிறு வந்தது.

ஆயா செய்ததைத்தான் காட்டில் புலிகளை எண்ணுகிறவர்களும் செய்கிறார்கள். ஒரு புலியின் வரி மாதிரி இன்னொரு புலிக்கு இருக்காது. நம் கைரேகை போலத்தான். காட்டுப் பாதையில் மரத்தில் கேமரா கட்டி வைப்பார்கள். புலி கடக்கும்போது அது தானாகப் படம் எடுக்கும். அந்தப் படங்களில் வரிகளைக் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வரி ஒத்துப்போனால் அதே புலி. ஒத்துப்போகாவிட்டால் வேறு புலி. இப்படிக் கிடைத்த படங்களை வைத்தும் காட்டில் கிடைத்த மற்ற தடயங்களை வைத்தும் கணக்கிட்டார்கள். 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் சராசரியாக 3,682 புலிகள் இருப்பதாகத் தெரிந்தது.

புலி முகம் மட்டும் பாக்கி. ஆறு துண்டு. அப்போதுதான் அது நடந்தது.

புலி மறைந்தது. போன் முழுக்கப் பளபளவென்று பச்சை நிறம். ரூபாய் நோட்டுப் படம். பெரிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது.

ஆயாவுக்கு நெஞ்சு படபடத்தது. போனைக் கீழே வைக்கப் போனார். பேரனைக் கூப்பிட வாய் எடுத்தார். பிறகு நின்றார். எழுத்து தமிழில் இருந்தது. விரலை வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார்.

வா - ழ்த் - து - கள். நீங்கள் 10,000 ரூபாய் பரிசு வென்றீர்கள். பெற இங்கே தொடவும்.

ஆயா யோசித்தார். நான் சீட்டு எதுவும் வாங்கவில்லை. பெயர் கொடுக்கவில்லை. பரிசு எப்படி வரும்? கீழே பொடி எழுத்தும் இருந்தது. போனைத் தள்ளிப் பிடித்து அதையும் படித்தார். வங்கிக் கணக்கு எண் வேண்டும் என்று இருந்தது.

"அடப் பாவி!" என்றார்.

சத்தம் கேட்டு மகள் சமையல் கட்டிலிருந்து ஓடி வந்தாள்.

"அம்மா! எதையாவது தொட்டுட்டியா?"

"தொடலை. படிச்சேன். திருட்டுப் பயல் எழுதியிருக்கான். இதை எப்படி மூடுறது, சொல்லு."

மகள் போனை வாங்கிப் பார்த்தாள். ஒரு மூலையில் சின்னப் பெருக்கல் குறி இருந்தது. அதைத் தொட்டதும் பச்சை போய்ப் புலி வந்தது. மகள் போனைத் தன்னிடமே வைத்துக்கொள்ளவில்லை. ஆயாவிடமே கொடுத்தாள்.

காசு வாங்காத விளையாட்டுகளில் விளம்பரம் வரத்தான் செய்யும். எல்லா விளம்பரமும் திருட்டு இல்லை. ஆனால் பரிசு, கடன், அவசரம் என்று வந்தால் தொடாதீர்கள். பெருக்கல் குறி சில நொடி கழித்துத்தான் தோன்றும். தோன்றாவிட்டால் விளையாட்டையே மூடிவிடுங்கள். படம் சேர்க்கும் விளையாட்டுக்கு உங்கள் வங்கி எண் எதற்கு? போனில் உள்ள மற்றவர் எண்கள் எதற்கு? அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது நாடு முழுவதற்குமான எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வழி உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்போது இந்த எண் தெரியாது.

அதற்குப் பிறகு ஆயா நிறையப் படம் சேர்த்தார். காசிரங்காவின் ஒற்றைக்கொம்பு காண்டாமிருகம் சேர்த்தார். மகாராஷ்டிரத்து வார்லி ஓவியம் சேர்த்தார். வார்லி மக்கள் மண் சுவரில் அரிசி மாவால் வரையும் ஓவியம் அது. வட்டம், முக்கோணம், கோடு, அவ்வளவுதான். ஆடுகிற ஆட்கள் எல்லாரும் ஒன்று போல இருப்பார்கள். புலியைவிட அதுதான் கஷ்டம் என்பது ஆயாவின் முடிவு. கோலம் போடத் தெரிந்தவர் என்பதால் கோட்டின் போக்கைப் பிடித்துவிட்டார்.

செய்து பாருங்கள்

போன் இல்லாதவர்களும் இதை விளையாடலாம். பழைய காலண்டர் படம் ஒன்றை எடுங்கள். பூவோ, பறவையோ, இந்திய வரைபடமோ இருக்கலாம். கெட்டி அட்டையில் பசை தடவி ஒட்டுங்கள். மேலே கனமான புத்தகம் வைத்து ஓர் இரவு காய விடுங்கள். பின்பக்கம் பென்சிலால் 5 வரிசை, வரிசைக்கு 4 துண்டு என்று கோடு போடுங்கள். கோடுகள் கொஞ்சம் வளைந்திருக்கட்டும். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் ஓர் எழுத்தோ எண்ணோ எழுதுங்கள். பிறகு கத்தரியால் வெட்டுங்கள்.

மொத்தம் எத்தனை துண்டு? மூலை எத்தனை? ஓரம் எத்தனை? நடுவில் எத்தனை?

ஆயாவும் தன் கற்போர் மையத்துக்கு இப்படி ஒன்று செய்து கொண்டுபோனார். மயில் படம். எல்லாரும் சேர்ந்து அடுக்கினார்கள். மயிலின் கண் இருக்கும் துண்டு மட்டும் கிடைக்கவில்லை. பாயைத் தூக்கிப் பார்த்தார்கள், பைகளை உதறிப் பார்த்தார்கள். அது கூட வந்திருந்த பேரனின் சட்டைப் பையில் இருந்தது. கடைசித் துண்டைத் தான்தான் வைக்க வேண்டும் என்று எடுத்து ஒளித்து வைத்திருந்தான்.