பழைய காரின் கோளாறை முறையாகக் கண்டுபிடிப்போம்



ஓய்வு பெற்ற நம்மவர்கள் சிலர் சேமலாப நிதிப் பணத்தில் ஒரு பழைய காரை வாங்கி ஹயர் ஓடுகிறார்கள். சிலர் அப்பா காலத்துக் காரையே வைத்துப் பிழைக்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி அனுமதி கிடைத்தது. இடையில் பழைய வண்டிகளின் விலையும் ஏறியது, வேலையும் ஏறியது.

லயத்தில் ஒரு தாய்க்கு நடுச்சாமத்தில் வலி வந்தால் முதலில் தட்டுவது கார்க்காரர் வீட்டுக் கதவைத்தான். ஆகவே கார் ஒழுங்காக இருப்பது சொந்தக்காரரின் பிழைப்பு மட்டும் அல்ல, லயத்து உயிர்களின் காரியமும்தான்.

இந்தப் பாடத்துக்கு மொரிஸ் மைனர் 1000 காரை எடுத்துக்கொள்வோம். 1956 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட இந்தக் கார் நமது நாட்டில் இன்றும் ஓடுகிறது. முதலில் 948 சி.சி., 1962க்குப் பிறகு 1098 சி.சி. எஞ்சின். இதன் வேலை புரிந்தால் காபரேட்டர் உள்ள மற்றப் பழைய கார்களும் அநேகமாகப் புரியும்.

முதல் விதி

எதையும் கழற்றுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். வண்டி நின்றதும் பிளக்கையும் கழற்றி, பொயின்டையும் உரசி, காபரேட்டர் ஸ்க்ரூவையும் திருப்பினால் என்ன ஆகும்? ஸ்டார்ட் ஆனாலும் எதனால் ஆனது என்று தெரியாது. ஆகாவிட்டால் ஒரு கோளாறு மூன்றாகிவிடும். ஒரு நேரத்தில் ஒரு சாமானில் மட்டும் கை வையுங்கள்.

1. செல்ப் சுற்றவில்லை

முன் லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ப் அடியுங்கள். லைட் ஒரேயடியாக மங்கினால் பெட்டரியில் கரண்ட் இல்லை, அல்லது பெட்டரி முனை லூசாக இருக்கிறது. முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, இறுக்கி, கொஞ்சம் கிறீஸ் பூசுங்கள். பாதி நோய் இதிலேயே தீரும்.

ஒரு கவனம். மொரிஸ் மைனர் கம்பெனியிலிருந்து வரும்போது பெட்டரியின் பிளஸ் முனைதான் பொடியில் மாட்டியிருக்கும். இன்றைய கார்களில் மைனஸ் முனை. பழைய சொந்தக்காரர் மாற்றியும் வைத்திருக்கலாம். எனவே புதுப் பெட்டரி வைக்கும் முன் எந்த வயர் பொடிக்குப் போகிறது என்று பாருங்கள். பக்கத்துக் காரிலிருந்து கரண்ட் எடுக்கும்போதும் இதைப் பாருங்கள். இரண்டு வண்டிகளின் பொடியும் ஒன்றோடொன்று முட்டக் கூடாது.

ஹேண்டில் போட்டுச் சுற்றுவதானால் முதலில் கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். பெருவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் விரல் முறிந்துபோகும்.

2. செல்ப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

இங்கே கேள்வி இரண்டுதான்: பெட்ரோல் வருகிறதா? நெருப்பு வருகிறதா?

பெட்ரோலைக் காதால் சோதிக்கலாம். சாவியைத் திருப்பியதும் பம்ப் "டக், டக்" என்று அடித்து, காபரேட்டர் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்தால் டாங்கியில் பெட்ரோல் இல்லை, அல்லது குழாயில் காற்று இழுக்கிறது, அல்லது காபரேட்டர் நிரம்பி வழிகிறது. சத்தமே இல்லையென்றால் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் பம்பை மெதுவாக ஒரு தட்டு தட்டுங்கள். பல சமயம் ஓடத் தொடங்கும். அதோடு விட்டுவிடாமல் கராஜில் பம்பின் பொயின்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நெருப்பைப் பார்க்க ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரிலேயே மாட்டி, எஞ்சின் இரும்பில் படும்படி வையுங்கள். வயரைக் காய்ந்த தடித்த துணியால் பிடியுங்கள். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. ஒருவர் செல்ப் அடிக்கும்போது நீல நிறத்தில் "சடக்" என்று பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தாலும், வராவிட்டாலும் கோளாறு இந்தப் பக்கம்.

நமது மலைகளில் இதற்கு முதல் காரணம் பனியும் ஈரமும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்ளேயும் வெளியேயும், பிளக் வயர்களையும் காய்ந்த துணியால் துடையுங்கள். பிறகும் சரிவராவிட்டால் பொயின்ட் இடைவெளியைப் பாருங்கள். 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பிளக் இடைவெளி 0.64 மில்லிமீட்டர். வயர்களைக் கழற்றினால் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். எரியும் வரிசை 1, 3, 4, 2. மாறிப் போனால் ஸ்டார்ட் ஆகாது.

3. ஓடும்போது சிவப்பு லைட் எரிகிறது

"டைனமோ தானே, வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்" என்று ஓடாதீர்கள். டைனமோவைச் சுற்றும் பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் பேனையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் கொஞ்ச தூரத்திலேயே எஞ்சின் கொதித்து, ஹெட் கேஸ்கட் போய்விடும். உடனே நிறுத்திப் பெல்ட்டைப் பாருங்கள்.

மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கடல்மட்டத்தில் 100 பாகை, நுவரெலியாவில் சுமார் 94 பாகை. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கொதிப்பது தள்ளிப்போகிறது. ஆகவே மூடியின் ரப்பர் தேய்ந்த கார் ஏற்றத்தில் சீக்கிரம் கொதிக்கும். அதற்குப் புது மூடி போட்டால் போதும்.

கொதித்த ரேடியேட்டரை உடனே திறக்காதீர்கள். முகம் வெந்துபோகும். அரை மணித்தியாலமாவது ஆறவிட்டு, துணி போட்டு மெதுவாகத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சூட்டு எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் வெடிப்பு விழலாம்.

4. பிரேக்

மேலே சொன்னவை வண்டியை நிற்க வைக்கும் கோளாறுகள். இது வண்டியை நிற்க விடாத கோளாறு. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்லப் பாதையில் பஸ்சும் வானும் முச்சக்கரவண்டியும் மோதி 7 பேர் இறந்ததை மலைநாட்டில் யாரும் மறக்கவில்லை. நமது இறக்கங்கள் அப்படிப்பட்டவை.

மொரிஸ் மைனரில் நான்கு சில்லுக்கும் ஒரே பிரேக் குழாய் வழிதான். ஒரு சில்லில் ஒழுகினாலும் நான்கும் போய்விடும். காலால் மிதித்தே கோளாறை அறியலாம்:

* முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாம் மிதியில் மேலே வந்தால், பிரேக் டைட் பண்ண வேண்டும்.
* பஞ்சு மாதிரி அமுங்கினால், குழாயில் காற்று இருக்கிறது.
* மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போய்விட்டது.
* ஒரு பக்கம் இழுத்தால், ஏதோ ஒரு சில்லில் எண்ணெய் பட்டிருக்கிறது, அல்லது ஒரு சிலிண்டர் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இதன் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடியில், தரைவிரிப்புக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. அதனாலேயே பலர் அதில் பிரேக் ஒயில் இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். குறைந்தால் பிரேக் ஒயில் மட்டும் ஊற்றுங்கள். எஞ்சின் ஒயில் ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுப்போகும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள்.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். அப்படியும் பிரேக் போனால் விட்டு விட்டு மிதியுங்கள், கியரைக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், வண்டியைப் பள்ளப் பக்கம் விடாமல் மலைப் பக்கம் உரச விடுங்கள்.

5. முன் சில்லைத் தாங்கும் மரை

இந்தக் காரின் முன் சில்லுகள் மேலும் கீழும் மரை போட்ட இணைப்புகளில் நிற்கின்றன. ட்ரனியன் என்பார்கள். 1,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் திருப்பத்தில் சில்லு மடங்கிக் கார் படுத்துவிடும். ஜாக் போட்டுத் தூக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கண்டால் கராஜ்தான்.

எது நமது வேலை, எது கராஜ் வேலை?

பெட்டரி முனை, பிளக், பொயின்ட், பெல்ட், தண்ணீர், கிறீஸ் எல்லாம் நாமே பார்க்கலாம். பிரேக், ஸ்டியரிங், முன் சில்லு மூன்றையும் தெரிந்த பாஸிடம் விடுங்கள். கம்பி கட்டி, ரப்பர் சுற்றி "இன்றைக்கு ஒரு ஹயர் மட்டும்" என்று ஓடாதீர்கள்.

காரில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஒரு பெல்ட், ஒரு ஜோடி பொயின்ட், இரண்டு பிளக், காய்ந்த துணி, டோர்ச், ஒரு கலன் தண்ணீர், ஸ்பேனர், சில்லுக்கு வைக்க ஒரு கட்டை.

நோயாளியை ஏற்றிய பின் வண்டி நின்றால் பானட்டைத் திறந்துகொண்டு நேரத்தைப் போக்காதீர்கள். முதலில் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது வரும்வரை வண்டியைப் பார்த்துக்கொள்ளலாம்.

படித்ததைச் சரிபார்ப்போம்

1. சாவியைத் திருப்பியதும் பம்ப் நிற்காமல் அடித்தால் என்னென்ன காரணம்?
2. சிவப்பு லைட் எரிந்ததும் ஏன் உடனே நிறுத்த வேண்டும்?
3. மிதித்துப் பிடித்த பிரேக் மெல்ல இறங்கினால் அந்த வண்டியில் ஆள் ஏற்றலாமா?

மூன்றாம் கேள்விக்கு மட்டும் விடையை நாமே சொல்லிவிடுகிறோம்: ஏற்றக் கூடாது.