இரண்டு நிமிட இருளைத் தேடி

2016ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் தேதி காலையில் சிங்கப்பூர் வானில் சூரியனின் ஏறத்தாழ 87 விழுக்காட்டை நிலா மறைத்தது. அதே காலையில் இந்தோனேசியாவின் பலெம்பாங் நகரிலும் பெலித்தோங் தீவிலும் பாலு நகரிலும் சூரியன் முழுவதுமாக மறைந்தது. சிங்கப்பூரிலிருந்து பலெம்பாங்குக்கு விமானத்தில் செல்ல ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஆகும். அங்கு நிலவிய இருளோ 2 நிமிடங்கள்கூட முழுமையாக நீடிக்கவில்லை. ஆயினும், அந்தச் சில நிமிடங்களுக்காகப் பல நாடுகளிலிருந்து மக்கள் இந்தோனேசியாவுக்குச் சென்றிருந்தனர்.

இருந்த இடத்திலேயே 87 விழுக்காடு தெரியும்போது, மீதமுள்ள 13 விழுக்காட்டுக்காகப் பணத்தையும் நேரத்தையும் செலவிட வேண்டுமா? இந்தக் கேள்வி நியாயமானதே. இதற்கு விடை காண, 87 என்ற எண்ணுக்கும் 100 என்ற எண்ணுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

சூரியனின் விட்டம் நிலாவின் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 400 மடங்கு. பூமியிலிருந்து சூரியன் இருக்கும் தொலைவும் நிலா இருக்கும் தொலைவைப் போல் ஏறத்தாழ 400 மடங்கு. எனவே, இரண்டும் வானில் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிகின்றன. நிலா நேர் குறுக்கே வரும்போது அதன் கருநிழல் பூமியின் மீது விழுகிறது. அந்த நிழல் ஒரு குறுகிய பாதையில் விரைந்து செல்கிறது. பாதையின் அகலம் பெரும்பாலும் 200 கிலோமீட்டருக்கும் குறைவு. பாதைக்குள் இருப்பவர்களுக்கு முழுச் சூரிய கிரகணம் தெரியும்; வெளியே இருப்பவர்களுக்குப் பகுதிக் கிரகணம் மட்டுமே தெரியும். உலகில் எங்கேனும் ஓரிடத்தில் சராசரியாக 18 மாதங்களுக்கு ஒருமுறை முழுக் கிரகணம் நிகழ்கிறது. ஆனால், குறிப்பிட்ட ஓர் ஊரை அந்த நிழல் மீண்டும் வந்தடையச் சராசரியாக ஏறத்தாழ 375 ஆண்டுகள் ஆகும். ஆகவே, முழுக் கிரகணத்தைக் காண விரும்பும் பெரும்பாலோர் பயணம் செய்தே ஆக வேண்டும்.

ஒரு மண்டபத்தில் 100 விளக்குகள் எரிவதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். அவற்றுள் 87 விளக்குகளை அணைத்தாலும் மண்டபத்தில் வெளிச்சம் இருக்கும். 99 விளக்குகளை அணைத்தாலும், எஞ்சிய ஒன்றின் ஒளியில் நடமாட முடியும். கடைசி விளக்கும் அணைந்த பிறகுதான் சன்னலுக்கு வெளியே மின்னும் விண்மீன்கள் கண்ணுக்குப் புலப்படும். சூரிய கிரகணமும் இப்படிப்பட்டதே. சூரியனைச் சுற்றி ஒளிமகுடம் என்னும் மெல்லிய வெண்ணிற ஒளி எப்போதும் உண்டு. அதன் ஒளி, சூரிய ஒளியில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கே. சூரியனில் 1 விழுக்காடு எஞ்சியிருந்தாலும் அது ஒளிமகுடத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு ஒளி வீசி, அதை மறைத்துவிடும். ஆகவே, 99 விழுக்காட்டுக் கிரகணம் என்பது முழுக் கிரகணத்தின் 99 விழுக்காடு அன்று. இரண்டும் வெவ்வேறு காட்சிகள்.

முழுமறைப்பு நெருங்கும்போது வெயிலின் சூடு தணியும். நிழல்களின் விளிம்புகள் கூர்மையாகும். கடைசி ஒளிக்கீற்று வைர மோதிரம்போல ஒருகணம் மின்னி மறைந்ததும், சூரியன் இருந்த இடத்தில் ஒரு கரிய வட்டமும் அதைச் சூழ்ந்த ஒளிமகுடமும் தோன்றும். வெள்ளிக் கோள் பளிச்சிடும். தொடுவானத்தைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் அந்திச் சிவப்பு படரும். பறவைகள் கூடு திரும்பத் தொடங்கும். இவற்றைக் காணொளியிலும் பார்க்கலாமே என்று சிலர் கேட்கலாம். திரையில் ஒளிமகுடம் தெரியும். சொல்லப்போனால், கண்ணுக்குத் தெரிவதைவிடப் பெரிதாகவே தெரியும். ஆனால், திடீரெனத் தோலில் படும் குளிர்ச்சியையும் நாற்புறமும் சூழும் இருளையும் திரை தர இயலாது.

கிரகணத்திற்காகப் பயணம் செய்வது இக்காலத்து வழக்கம் மட்டுமன்று. 1868ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி நிகழ்ந்த முழுக் கிரகணம் இதற்குச் சிறந்த சான்றாகும். சயாம் நாட்டு மன்னர் மோங்குட் வானியலில் வல்லவர். அந்தக் கிரகணம் எங்கே, எப்போது தெரியும் என்பதை அவரே முன்கூட்டிக் கணக்கிட்டிருந்தார். கடலோரத்தில் இருந்த வாக்கோ என்னும் சிற்றூருக்கு விருந்தினர்களை அழைத்தார். சிங்கப்பூரிலிருந்து ஆளுநர் சர் ஹேரி ஓர்ட் சென்றார். பிரான்சிலிருந்து வானியலாளர்களும் வந்தனர். மன்னரின் கணக்குப் பலித்தது. முழுமறைப்பு 6 நிமிடங்களுக்கும் மேல் நீடித்தது. ஆனால், சதுப்பு நிலம் சூழ்ந்த அந்த இடத்தில் மன்னரும் அவருடைய மகன் சூலாலங்கோர்னும் மலேரியாக் காய்ச்சலுக்கு ஆளாயினர். மகன் பிழைத்து அடுத்த மன்னரானார். மோங்குட் அதே ஆண்டு அக்டோபர் முதல் தேதி காலமானார்.

அதே நாளில், அதே கிரகணத்தைத் தென்னிந்தியாவின் குண்டூரில் இருந்து பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் ஆராய்ந்தார். சூரியனின் விளிம்பில் எழும் பிழம்புகளின் ஒளியை நிறமாலைக் கருவியால் பார்த்து, அவை ஒளிரும் வாயுக்கள் என்பதை அறிந்தார். அவற்றைப் பார்க்கக் கிரகணமே தேவையில்லை என்பதையும் மறுநாளே கண்டுகொண்டார். சில வாரங்கள் கழித்து, லாக்கியர் என்னும் அறிஞர் இங்கிலாந்தில் இருந்தபடியே அதே முறையில் பிழம்புகளை ஆராய்ந்தார். அந்த ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு, அதுவரை அறியப்படாத ஒரு தனிமத்தைச் சுட்டியது. அதுவே ஹீலியம். கடல் கடந்து சென்றவரும் உண்மையைக் கண்டார். ஊரில் இருந்தவரும் கண்டார். எனவே, அறிவைத் தேடுவதற்குப் பயணம் ஒன்றே வழி என்று கூறிவிட முடியாது.

பயணம் செய்தாலும் பலன் உறுதியன்று. மேகம் எல்லாத் திட்டங்களையும் கலைத்துவிடக்கூடும். ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதிக்க விரும்பிய ஜெர்மானிய வானியலாளர் ஃப்ரொயிண்ட்லிஷ், 1914இல் ரஷ்யப் பேரரசில் இருந்த கிரிமியாவுக்குச் சென்றார். போர் மூண்டதால் அவர் சிறைப்பிடிக்கப்பட்டார். 1922இல் கிறிஸ்துமஸ் தீவுக்குச் சென்றார். அங்கே கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதையாக மேகம் சூரியனை மறைத்தது. இறுதியில், 1929இல் சுமத்ராவின் தாக்கெங்கோனில்தான் தமக்குத் தேவையான படங்களை அவரால் எடுக்க முடிந்தது. அதற்குள் 15 ஆண்டுகள் கடந்திருந்தன.

வானிலைக் கருவிகள் வளர்ந்துவிட்ட இக்காலத்திலும் இந்த ஐயம் நீங்கவில்லை. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் தேதி வட அமெரிக்காவில் முழுக் கிரகணம் நிகழ்ந்தது. பல ஆண்டுகளின் வானிலைப் பதிவுகளை வைத்துப் பார்த்தால், டெக்சஸ் மாநிலத்தில் தெளிவான வானத்திற்கு வாய்ப்பு அதிகம் என்று கருதப்பட்டது. ஆனால், அன்று டெக்சஸின் பல பகுதிகளில் மேகம் சூழ்ந்தது. வழக்கமாக மேகம் மிகுந்த வெர்மாண்ட், மேய்ன் மாநிலங்களிலோ வானம் தெளிவாக இருந்தது. அங்கே கிரகணத்தைக் கண்டு மகிழ்ந்தவர்கள், வீடு திரும்பும் வழியில் சாலை நெரிசலில் மணிக்கணக்கில் சிக்கிக்கொண்டனர்.

செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதி, மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் என்னும் சிற்றூரில் முழுமறைப்பு ஏறத்தாழ 1 நிமிடமே நீடித்தது. சிங்கப்பூரிலிருந்து செல்பவர் பெர்த் நகருக்கு ஐந்து மணி நேரம் பறந்து, அங்கிருந்து வடக்கே 1,200 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். ஒரு நிமிடத்திற்கு இது மிக அதிகம் என்று ஒரு குடும்பம் முடிவு செய்தால், அதைக் குறை சொல்ல இயலாது. வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் ஒதுக்க வேண்டிய பணத்தை எடுத்தோ கடன் வாங்கியோ எந்தக் கிரகணத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

மறுபுறம், பயணமே தேவைப்படாத நேரத்திலும் காட்சியைத் தவறவிட்டவர்கள் உண்டு. 1983ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் தேதி ஜாவாத் தீவைக் கருநிழல் கடந்து சென்றது. கண் பார்வை பாதிக்கப்படும் என்று அஞ்சிய இந்தோனேசிய அரசாங்கம், மக்களை வீட்டுக்குள்ளேயே இருக்கும்படி கேட்டுக்கொண்டது. தொலைதூர நாடுகளிலிருந்து வந்தவர்கள் வெட்ட வெளியில் நின்று வானத்தைப் பார்த்தபோது, அவ்வூர் மக்களுள் பலர் கதவை அடைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் பார்த்தனர். எச்சரிக்கை தேவைதான். பகுதிக் கிரகணத்தையும் வளையக் கிரகணத்தையும் தகுந்த கிரகணக் கண்ணாடி இல்லாமல் ஒருபோதும் பார்க்கக் கூடாது. சூரியன் முழுவதும் மறைந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டுமே வெறும் கண்ணால் பார்க்கலாம். இந்த அறிவு இருந்தால் அச்சத்திற்கு இடமில்லை. இந்த அறிவு இல்லாதவருக்கு வீட்டு வாசலில் நிகழும் கிரகணமும் எட்டாத தொலைவில்தான் இருக்கும்.

அப்படியானால், பயணம் செய்யலாமா, வேண்டாமா? நிழற்பாதைக்கு அருகில் இருப்பவர், 95 விழுக்காடு போதும் என்று எண்ணி நின்றுவிடுவது இழப்பே. பாதைக்குள் செல்ல இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம் போதும் என்றால், செல்வதே நன்று. தொலைதூரப் பயணம் என்றால், மேகம் மறைத்தாலும் அந்தப் பயணம் தமக்கு மகிழ்ச்சி தருமா என்று ஒருவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஊரின் மக்களையும் உணவையும் வரலாற்றையும் அறிய விரும்புபவருக்கு, வானம் ஏமாற்றினாலும் பயணம் வீணாகாது. இரண்டு நிமிட இருளை மட்டுமே நம்பிச் செல்பவர், இலவு காத்த கிளியாகத் திரும்ப நேரலாம்.

பொறுத்திருப்பதும் ஒரு வழியே. 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி நிகழ்ந்த வளையக் கிரகணத்தைக் கோயம்புத்தூரிலும் திண்டுக்கல்லிலும் இருந்தவர்கள் காலையில் கண்டனர். அன்று பிற்பகலில் அது சிங்கப்பூரை வந்தடைந்தது. இங்கிருந்தவர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தாலே போதுமானதாக இருந்தது. அடுத்து, 2031ஆம் ஆண்டு மே 21ஆம் தேதி ஒரு வளையக் கிரகணத்தின் பாதை தென்னிந்தியாவையும் மலேசியாவையும் கடக்கும். 2042ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதி ஒரு முழுக் கிரகணத்தின் கருநிழல் மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் ஆகிய நாடுகளின் மீது செல்லும். இன்று பள்ளியில் பயிலும் மாணவர்கள் அப்போது சொந்தமாகப் பொருளீட்டும் பெரியவர்களாக இருப்பார்கள். எங்கே நின்று அதைப் பார்ப்பது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். 99க்கும் 100க்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருந்தால், அந்த முடிவை எடுப்பது அவர்களுக்கு எளிதாக இருக்கும்.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. "99 விழுக்காட்டுக் கிரகணம் என்பது முழுக் கிரகணத்தின் 99 விழுக்காடு அன்று." இக்கூற்றை மண்டப விளக்குகளின் உவமையைக் கொண்டு உன் சொந்தச் சொற்களில் விளக்குக.

2. ஜான்சென், லாக்கியர் ஆகிய இருவரின் அனுபவங்கள் பயணத்தைப் பற்றி உணர்த்தும் கருத்து யாது?

3. 2042ஆம் ஆண்டுக் கிரகணத்தைக் காண உன் குடும்பத்துடன் செல்லத் திட்டமிடுகிறாய் எனக் கொள்க. செல்வதற்குச் சாதகமான இரண்டு காரணங்களையும் தயங்குவதற்கான இரண்டு காரணங்களையும் குழுவில் எடுத்துரைக்க.