அபயதானம்: அஞ்சி ஒடுங்கும் நாய்க்குட்டியும் நம் கடமையும்

தானம் நான்கு வகைப்படும் என்பது நாம் இளமை முதற்கொண்டு கேட்டுவரும் பாடம். ஆகாரதானம், ஔஷததானம், சாஸ்திரதானம், அபயதானம் என்பன அவை. முதல் மூன்றும் நம் இல்லங்களில் இன்றும் இயன்ற அளவில் நிகழ்ந்து வருகின்றன. நான்காவதை மட்டும் "பிற உயிர்க்கு ஊறு செய்யாதிருத்தல்" என்று சுருக்கிப் பொருள் கொண்டுவிடுகிறோம். அபயம் என்பதற்கு அச்சமின்மை என்பது பொருள். அடிக்காதிருப்பது ஒன்று, அஞ்சும் உயிரின் அச்சத்தைப் போக்குவது மற்றொன்று. இவ்வேறுபாட்டை அறிந்துகொள்ள, விலங்குகள் காப்பகத்துக் கூண்டின் மூலையில் ஒடுங்கியிருக்கும் ஓர் இளம் நாயைப் பாடப்பொருளாக எடுத்துக்கொள்வோம்.

அச்சம் வரும் வழி

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டியது கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. அங்கு ஆலை வாயிலிலும் லாரிகள் நிற்குமிடத்திலும் பிறக்கும் குட்டிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவை கேட்டு வளர்வது இரும்பின் ஓசையும் லாரியின் ஹாரன் ஒலியும் ஆகும். மனிதரிடம் பெறுவது ஒரு நாள் பிஸ்கட், மறுநாள் கல். அமெரிக்க அறிஞர்கள் ஸ்காட், புல்லர் இருவரும் தம் நீண்ட ஆய்வை 1965இல் நூலாக வெளியிட்டனர். பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே குட்டி மனிதரோடு பழகக் கற்கும் காலம் என்பது அவர்கள் கண்ட உண்மை. அக்காலத்தில் அன்பான கை படாத குட்டி, பின்னர் எந்தக் கையைக் கண்டாலும் மருளும். இது அதன் குற்றமன்று.

காப்பகத்திற்கு வருவோர், ஓடிவந்து வாலாட்டும் குட்டியையே விரும்பி எடுத்துச் செல்கின்றனர். ஒடுங்கிய குட்டி பின்தங்குகிறது. காத்திருக்கும்போதே வளர்ந்தும் விடுகிறது. வளர்ந்துவிட்ட நாட்டு நாயைக் கேட்டு வருவோர் மிகச் சிலரே. கை உயர்த்தும் மாணவனுக்கு எவரும் கற்பிக்கலாம்; கடைசி வரிசையில் தலைகுனிந்திருப்பவனிடமே ஆசிரியரின் தகுதி விளங்கும் என்று ஆசிரியர் பயிற்சி மாணவியர்க்கு நான் கூறுவதுண்டு. அது இங்கும் பொருந்தும்.

சீவகன் காட்டிய நெறி

திருத்தக்கதேவர் அருளிய சீவகசிந்தாமணியில், உணவைத் தீண்டிற்று என்பதற்காக அடியுண்டு உயிர் நீங்கும் நிலையில் கிடந்த நாயின் செவியில், சீவகன் பஞ்சநமஸ்கார மந்திரத்தை ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் இயக்கனாகப் பிறந்து, பின்னர் அவனுக்கு உற்ற துணையாயிற்று. இக்கதையில் மந்திரத்தின் பெருமையை உணர்கிறோம். அரசகுமாரன் ஒருவன் பிறர் அடித்து விரட்டிய நாயின் அருகே குனிந்தான் என்பதையும் உடன் உணரவேண்டும்.

நம் காலத்திலும் சான்று உண்டு. 1959இல் சென்னையில் பெருமழை நீரில் தத்தளித்த இரு நாய்க்குட்டிகளை, விமானி கேப்டன் வி. சுந்தரம் எடுத்துச் சென்று காத்தார். இன்று நாடறிந்த புளூ கிராஸ் அமைப்பு அவ்வாறு தோன்றியதே.

பழக்கும் முறை

1. முதல் நாட்களில் குட்டியைத் தொடவோ தூக்கவோ முயலற்க. நேருக்கு நேர் உற்றுநோக்காது, சற்றுப் பக்கவாட்டில் தரையில் அமர்ந்து, தாழ்ந்த குரலில் பேசுக.
2. வாலை ஒடுக்குதல், காதை மடக்குதல், முகத்தைத் திருப்புதல், உதட்டை நக்குதல் ஆகியன அச்சத்தின் குறிகள். அவற்றைக் கண்டால் சற்று விலகுக.
3. உணவும் உறக்கமும் நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அமைக. ஒழுங்கு அச்சத்தைத் தணிக்கும்.
4. புது இடத்தின் திகைப்பு நீங்க மூன்று நாள், வீட்டு வழக்கம் பழக மூன்று வாரம், உரிமையோடு வாழ மூன்று மாதம் என்று காப்பகத்தார் பொதுவாகக் கூறுவர். மிகவும் அஞ்சும் குட்டிக்கு இன்னும் கூடுதலாகும்.
5. வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாம் மாதத்திலும், பின்னர் மருத்துவர் கூறும் காலந்தோறும் போடுக. கருத்தடை அறுவைச் சிகிச்சையையும் உரிய பருவத்தில் செய்விக்க.

இரு ஐயங்கள்

"புலால் புகாத வீட்டில் நாய் எவ்வாறு வாழும்?" என்பது தாய்மார்களின் முதல் ஐயம். ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் ஆற்றல் மிகுதி என்பதை 2013இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் மரபணு வழியே மெய்ப்பித்தனர். ஆயினும் வெறும் தயிர்ச்சோறு போதாது. புரதமும் பிற சத்துகளும் குறையாத சைவ உணவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு அமைக்க வேண்டும். நம் நோன்பின் சுமையை அதன் வயிற்றின்மேல் ஏற்றுதல் இம்சையே. வெங்காயமும் பூண்டும் நாய்க்குத் தீங்கானவை என்பதால், அவற்றை விலக்கிய நம் சமையலறை அதற்கு ஒரு காப்பு. பாயசத்து உலர்திராட்சையும் சாக்லேட்டும் அதற்கு நஞ்சாகும்.

"வெடியோசைக்கு நடுங்குமே?" என்பது இரண்டாவது ஐயம். உண்மைதான். ஆனால் தீபாவளி நமக்கு மகாவீர பகவான் நிர்வாணம் எய்திய திருநாள். ஆயிரம் உயிர்களை நடுங்கவைத்து அந்நாளைக் கொண்டாடுவது தகுமா என்பதை முதலில் நாமே நம்மைக் கேட்டுக்கொள்வோம்.

இயலாதவர் என்செய்வது?

முதியோரும் வாடகை இல்லத்தாரும் இரக்கத்தால் அவசரப்பட்டுத் தத்தெடுத்தல் வேண்டா. ஒரு மாதத்தில் திருப்பி விடப்பட்ட குட்டி முன்னினும் மிகுதியாக அஞ்சும். அத்தகையோர் காப்பகத்தாரின் இசைவு பெற்று, வாரம் ஒருமுறை சென்று அக்கூண்டின் அருகே அரைமணி நேரம் அமைதியாக அமர்ந்திருக்கலாம். மனிதர் அருகிலிருப்பது துன்பமன்று என்று அது கற்குமாயின், பிறிதொருவர் அதனை ஏற்க வழி பிறக்கும். பொருட்செலவு இல்லாத இதுவும் அபயதானமே.

சிறார் சிந்தனைக்கு

1. நால்வகைத் தானங்கள் யாவை? அவற்றுள் கூண்டிலுள்ள குட்டிக்கு முதலில் வேண்டுவது எது? ஏன்?
2. நாயின் அச்சக்குறிகள் மூன்றினைக் கூறுக.
3. உங்கள் தெருவில் உங்களைக் கண்டு விலகி ஓடும் உயிர் எது? அது ஓடாதிருக்க நீங்கள் செய்யத்தக்கது என்ன?