பெயாரிங்கைத் திட்டாதே

பேராதனை,
ஞாயிறு.

அன்பின் தம்பிக்கு,

டபுள் கெப்புக்கு சென்டர் பெயாரிங் மாற்றி மூன்று மாதம் ஆகவில்லை, மறுபடியும் உதறுகிறது, சாமான் டூப்ளிகேட்டா என்று கேட்டிருந்தாய். எது பழுதானாலும் டூப்ளிகேட் என்று கடைக்காரன் தலையில் கட்டிவிடுவது நம் கராஜ்காரருக்குப் பழகிப்போச்சு. கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

எப்போது உதறுகிறது என்று நீ எழுதவில்லை. கடுகண்ணாவை ஏற்றத்தில் நிறுத்திப் பாரத்தோடு எடுக்கும்போது உதறி, ஓட்டம் பிடித்ததும் அடங்கினால், முதலில் பெயாரிங்கைச் சுற்றியிருக்கும் ரப்பரையும் புரொப்பெலர் ஷாஃப்டின் கோணத்தையும் பார். வேகம் கூடக்கூட உறுமினால்தான் உள்ளே இருக்கும் குண்டுகளைச் சந்தேகிக்கலாம். மரக்கறி ஏற்றவென்று பின்னால் ஸ்பிரிங் பட்டை கூட்டினீர்களா? அப்படியென்றால் கோணம் அன்றைக்கே மாறிவிட்டது.

இன்னொன்று. ஷாஃப்டைக் கழற்றுமுன், திரும்ப அதே பல்லில் செருக வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டாயா? போட்டிருக்க மாட்டாய். ஷாஃப்டின் மூட்டான யுனிவர்சல் ஜொயின்ட் வளைந்து சுழலும்போது, உள்ளே போகும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே வரும் வேகம் சுற்றுக்கு இரண்டு தரம் முந்தும், இரண்டு தரம் பிந்தும். 10 பாகை வளைவில் நூற்றுக்கு ஒன்றரை அளவு. 1676இல் வந்த தன் நூலில் ரொபர்ட் ஹூக் இந்த மூட்டைச் சூரியக் கடிகாரத்தோடு சேர்த்துப் பேசுகிறார். இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான். அதைப் படித்த வாரம் முற்றத்தில் பலகை வைத்து, கம்பியை வடக்கு நோக்கி, பலகையிலிருந்து 7 பாகை உயர்த்தி நட்டேன். கண்டியின் அட்சம் அவ்வளவுதான். காலையில் விழுந்தடித்து ஓடிய நிழல் நடுப்பகலில் மணிக்கு 2 பாகைகூட நகரவில்லை. வீட்டில் சிரித்தார்கள். உன் ஷாஃப்டும் அதே நிழல்தான், சின்ன அளவில்.

பின் ஷாஃப்டின் இரண்டு யோக்கும் ஒரே தளத்தில் நின்று, இரு முனைக் கோணமும் ஒத்திருந்தால், ஒன்று முந்துவதை மற்றது பிந்திக் கழித்துவிடும். ஸ்ப்ளைனில் பல் மாறிச் செருகினால் கழியாது. அந்த உதறலையெல்லாம் ரப்பர்தான் வாங்கும், மூன்று மாதத்தில் கிழியும்.

புது பெயாரிங்கை வெளி வளையத்தில் சுத்தியலால் தட்டி இறக்காதே, குண்டு ஓடும் பாதையில் தழும்பு விழும். பிராக்கெட் போல்ட்டைத் தளர்வாகப் போட்டு, வண்டியை நான்கு சக்கரத்திலும் நிற்கவிட்டு, பிராக்கெட் ஷாஃப்டுக்குச் செங்குத்தாக வந்த பிறகே இறுக்கு. நடு நட்டு புதிதாக இருக்கட்டும். இறுக்கி, நட்டின் விளிம்பை ஷாஃப்டின் பள்ளத்தில் தட்டி மடித்துவிடு.

ஷாஃப்டை இறக்கினால் கியர் பின்சக்கரத்தைப் பிடிக்காது. சரிவில் இருந்த ஒரு கராஜில், கியரை நம்பி நிறுத்திய வண்டி மதிலில் போய்ச் சாய்ந்ததை நின்று பார்த்தவன் நான். சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் கீழே படுக்காதே.

பழைய பெயாரிங்கை எறிந்துவிடாமல், வரும்போது கொண்டு வா. ரப்பர் எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் சேர்