பிள்ளைக்குத் தண்ணீர் தாயின் கையால்

வேதபகுதி: ஆதியாகமம் 21:8-21

கர்த்தருக்குள் அன்பான ஊழியப் பங்காளர்களே,

துன்பப்படும் குடும்பங்களில் வளரும் பிள்ளைகளின் மனநலத்தை டாக்டர், நர்ஸ், ஆசிரியர், போதகர் ஆகியோர் எவ்விதம் தாங்கலாம் என்பதை இம்முறை ஆகாரின் சரித்திரத்திலிருந்து தியானிப்போம்.

ஆகார் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டவள். அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீருமே அவள் கையில் இருந்தவை. பெயெர்செபாவின் வனாந்தரத்தில் தண்ணீர் தீர்ந்தது. மகன் சாவதைக் காணச் சகியாமல் அவனை ஒரு செடியின்கீழ் விட்டுவிட்டு, அம்பு பாயும் தூரத்தில் போய் உட்கார்ந்து அழுதாள். அவள் கல்நெஞ்சக்காரி அல்ல. பெலன் எல்லாம் தீர்ந்துபோன தாய். இந்த வித்தியாசத்தை அறியாதவர் எந்தக் குடும்பத்துக்கும் உதவ முடியாது.

1. தேவன் பிள்ளையின் சத்தத்தைக் கேட்டார்

16ஆம் வசனம் தாயின் அழுகையை மட்டுமே சொல்லுகிறது. பிள்ளை அழுததாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் அடுத்த வசனத்தில் தேவன் கேட்டதோ பிள்ளையின் சத்தம்! பெரியவர்களின் அழுகைக்குள் அமிழ்ந்துபோன சத்தத்தை அவர் பிரித்துக் கேட்டார். இஸ்மவேல் என்னும் பெயருக்கே தேவன் கேட்கிறார் என்பதுதான் பொருள்.

குடியும் கடனும் சண்டையும் நிறைந்த வீட்டுப் பிள்ளை, "எனக்கு மனம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. வயிற்றுவலி என்று வரும்; பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடியும் தொடங்கும். பள்ளிக்கூடம் போக மறுக்கும். இன்னொரு பிள்ளையோ தம்பி தங்கைக்குச் சோறு வடித்துப்போட்டு, அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக்கொடுக்கும். ஊரார் அதைப் "பொறுப்பான பிள்ளை" என்று மெச்சுவார்கள். அந்த மெச்சுதலுக்குப் பின்னால் ஒரு பிள்ளைப்பருவம் காணாமற் போயிருக்கலாம்.

ஆகவே, "வலி எங்கே?" என்று கேட்கிற டாக்டர், "வலி எப்போது வருகிறது? ராத்திரி வீட்டில் சத்தம் வந்தால் நீ எங்கே போவாய்?" என்றும் அமைதியாகக் கேட்கட்டும். குடிநோய்க்குத் தகப்பனைச் சேர்க்கும் நர்ஸ், "வீட்டில் எத்தனை பிள்ளைகள்? அப்பாவைப்பற்றி அவர்களுக்கு என்ன சொல்லியிருக்கிறீர்கள்?" என்று விசாரிக்கட்டும். பிள்ளைக்கு மூன்று காரியங்களைச் சொல்லவேண்டும்: இது ஒரு நோய், இது உன்னால் வந்ததல்ல, இதைக் குணப்படுத்துவது உன் வேலையல்ல, பெரியவர்களின் வேலை. தன் குறும்பினால்தான் அப்பா குடிக்கிறார் என்று நம்பும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இது நற்செய்தி.

2. தேவன் தாயிடம் பேசினார்

கேட்டது பிள்ளையின் சத்தம். ஆனால் தூதன் பேசியது தாயிடம். முதலில் அவளை விசாரித்தான், பயத்தை நீக்கினான், பிறகே மகனைக் கைப்பிடித்துத் தூக்கச் சொன்னான். அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பிள்ளையை அவளிடமிருந்து பிரிக்கவுமில்லை. தேவன் அவள் கண்களைத் திறந்தபோது அவள் துரவைக் கண்டாள். அவளே துருத்தியை நிரப்பி, அவளே மகனுக்குக் குடிக்கக் கொடுத்தாள்.

மருத்துவ ஆய்வுகளும் இந்த வழியையே காட்டுகின்றன. வேலூருக்கு அருகே கணியம்பாடி வட்டாரத்தில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு, பிரசவத்துக்குப்பின் தாய்க்கு வரும் மனச்சோர்வுக்கும் குழந்தையின் சத்துக்குறைவுக்கும் தொடர்பு உண்டு என்று கண்டது. பாகிஸ்தானில் ராவல்பிண்டியின் கிராமங்களில் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. அங்கே டாக்டர்கள் அல்ல, கிராம சுகாதாரப் பெண் ஊழியரே பயிற்சி பெற்று, மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளின் வீடுகளுக்குப் போய் அவர்களோடு பேசினார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது, அவர்கள் சந்தித்த தாய்மாரில் நூற்றுக்கு 23 பேருக்கே மனச்சோர்வு இருந்தது. அந்தப் பயிற்சி பெறாதவர்கள் சந்தித்த தாய்மாரில் 53 பேருக்கு இருந்தது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது. தடுப்பூசிகளும் அதிகமாய்ப் போடப்பட்டன. தாய் தேறினாள், பிள்ளைக்குத் தண்ணீர் கிடைத்தது.

3. கை காயப்படுத்தும்போது

எல்லாக் கைகளும் தண்ணீர் கொடுக்கும் கைகளல்ல. பிள்ளையை அடித்து நொறுக்குகிற, கெடுக்கிற கையாக இருந்தால், குடும்பத்தின் மானம் என்று மூடிவைப்பது பாவம். பாலியல் கொடுமை நடந்ததை அறிந்தவர் எவரும் போலீசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டளையிடுகிறது. போதகரும் இதற்கு விலக்கல்ல. ஆகவே, "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதிருங்கள்; "உன்னைக் காப்பாற்றக்கூடியவர்களிடம் மட்டும் சொல்லுவேன்" என்று சொல்லுங்கள். ஆபத்திலிருக்கும் பிள்ளைக்காக 1098 என்ற எண்ணையும், மனநல ஆலோசனைக்கு 2022இல் தொடங்கப்பட்ட 14416 என்ற எண்ணையும் இலவசமாக அழைக்கலாம். உங்கள் சபை அறிவிப்புப் பலகையில் இவ்விரண்டையும் எழுதிவைப்பீர்களா?

நமக்கு ஒரு வார்த்தை

அன்பானவர்களே, பிள்ளைகளுக்கென்றால் மனமகிழ்ச்சியோடு கொடுக்கிறோம். குடித்துக் கெட்டவனுக்கு ஒரு படுக்கை என்றாலோ கை தயங்குகிறது. "அவனுக்கு ஏன்?" என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தப் படுக்கையில் ஒரு தகப்பன் தெளிந்து எழுந்தால், வீட்டில் மூன்று பிள்ளைகள் அன்றிரவு பயமின்றித் தூங்குவார்கள். சோர்ந்துபோன தாயோடு ஒரு நர்ஸ் உட்காரும் அரைமணி நேரத்துக்கு பில் போட முடியாது; எக்ஸ்ரே இயந்திரத்தைப்போல அதன்மேல் பெயர் பொறிக்கவும் முடியாது. உங்கள் காணிக்கை அந்த அரைமணி நேரத்தை வாங்குகிறது. இதைப் பிள்ளைகளின் ஊழியம் அல்ல என்று ஒருவரும் எண்ணவேண்டாம்.

தேவன் துரவைக் காட்டினார். துருத்தியை நிரப்பியதோ ஆகார். துரவண்டை வழிகாட்டும் வேலையை நமக்குத் தந்திருக்கிறார். அதை உண்மையாய்ச் செய்வோமாக.

சிந்திக்க:
1. நம் சபையில் அம்பு பாயும் தூரத்தில் தனியே உட்கார்ந்திருக்கும் தாய் யார்?
2. நாம் மெச்சுகிற "பொறுப்பான பிள்ளை" எப்போது கடைசியாக விளையாடியது?

ஜெபிக்க:
1. குடிநோய்ச் சிகிச்சை பெறும் தகப்பன்மார் மீண்டும் விழாதபடிக்கும், அவர்கள் பிள்ளைகளின் சமாதானத்துக்காகவும்.
2. பிள்ளைகளின் சத்தத்தைப் பிரித்துக் கேட்கும் செவி, டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் ஆசிரியர்களுக்கும் கிடைக்கும்படிக்கும்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்